புள்ளிக்கோட்டில் ஒரு நிலையம்

நடந்தவை, வரிசைப்படி:

1. போர் மறுபடி தொடங்கியபோது வடக்குக்கு வந்த ரயில் நின்றது. புகையிரத நிலைய அதிபராக இருந்த அப்பாவின் வேலையும் அதோடு நின்றது.
2. அப்பா, அம்மா, நான் மூவரும் ரொறன்ரோவுக்கு வந்தோம். எனக்கு ஒன்பது வயது.
3. ஸ்காபரோவில் ஓடிய சின்ன ரயிலை எங்கள் சந்திவரை நீட்டும் திட்டம் இருப்பதாக நூலகத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள்.
4. அப்பா கூட்டத்துக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.
5. இல்லாத அந்த ரயிலுக்கு அப்பா நேர அட்டவணை எழுதினார்.
6. அவருக்கு ஒரு கடிதம் வந்தது.
7. மிசிசாகாவில் அவருக்கு ஒரு வேலை வந்தது.
8. அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் ஒரு சொல்லில் பதில் சொன்னேன்.
9. அப்பா அந்த வேலையை வேண்டாம் என்றார்.
10. ரயில் வரவில்லை.

இவற்றில் ஒன்பது விஷயங்கள் எங்கள் வீட்டில் பல தடவை பேசப்பட்டவை. எட்டாவதைப் பற்றி மட்டும் சென்ற மாதம்வரை ஒருவரும் பேசியதில்லை. அதில் பேச என்ன இருக்கிறது என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அந்த ரயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் பலர் இப்போது நாற்பதை நெருங்குகிறீர்கள். சிலர் தாண்டியும் விட்டீர்கள். இருந்தாலும் கண்ணை மூடினால் அந்தச் சத்தம் கேட்கும் என்று நினைக்கிறேன். கிளம்பும்போது கீழ் சுருதியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலேறும் ஒரு முனகல். பெட்டிகள் சிறியவை. எதிரெதிரே இருப்பவர்களின் முழங்கால்கள் கிட்டத்தட்ட முட்டும். குளிர்காலத்தில் உள்ளே நனைந்த கம்பளியும் கோப்பியும் ரப்பர் சப்பாத்தும் கலந்த மணம் அடிக்கும். மற்ற ரயில்களைப்போல அதன் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் ஓர் உலோகத் தகட்டைக் காந்த விசையால் தள்ளித்தான் அது முன்னே போகும். பனி கொட்டிய நாட்களில் அடிக்கடி நின்றுவிடும். அப்போது எல்லாரும் இறங்கிப் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்போம்.

கடைசி நிலையத்தின் மேடையில் கண்ணாடித் தடுப்புக்கு அருகே நின்று கிழக்கே பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று தெரியாது. நான் நின்றிருக்கிறேன். கொங்கிறீற் தூண்களின்மேல் வந்த பாதை நிலையத்துக்கு அப்பால் கொஞ்சத் தூரம் போய், இறங்கி, பெட்டிகளை நிறுத்தும் யார்டுக்குள் முடிந்துவிடும். அதற்கு அப்பால் வாகனத் தரிப்பிடங்களும் தொழிற்சாலைகளின் பின்சுவர்களும். இன்னும் அப்பால், பஸ்ஸில் கால் மணித்தியாலத் தூரத்தில், எங்கள் சந்தி. அந்தச் சந்தியில் ஒரு டோனட் கடை, ஒரு சலவைக் கடை, கூரையில்லாத ஒரு பஸ் தரிப்பிடம், எங்கள் மாடிக்கட்டடம். நாங்கள் பன்னிரண்டாம் மாடி.

முதல் குளிர்காலம் முழுக்க அப்பா பேசவில்லை. கோபமில்லை. கேட்டால் பதில் சொல்வார். ‘ஓம்’, ‘இல்லை’, ‘பாப்பம்’ என்ற மூன்று சொற்களுக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொள்வார். அஜின்கோர்ட்டில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. பின்னேரம் வீட்டுக்கு வந்து, ஊறி வெளுத்த விரல்களைத் துவாயில் துடைத்துவிட்டு, யன்னலருகே உட்கார்ந்து சந்தியில் வந்து போகும் பஸ்களைப் பார்ப்பார். சட்டைப்பையில் எப்போதும் அவருடைய பழைய ரயில்வே மணிக்கூடு இருக்கும். பஸ் வந்ததும் அதை எடுத்துப் பார்ப்பார். ஒருநாள் அம்மா கேட்டார்:

“இஞ்சேருங்கோ, உந்த பஸ்காரன் உங்களுக்கோ கணக்குச் சொல்லோணும்?”

“நாலு நிமிசம் பிந்தி,” என்றார் அப்பா. அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான வசனம் அதுதான்.

நூலகத்தின் சுவரில் அறிவித்தலை முதலில் கண்டது நான். படங்கள் உள்ள புத்தகங்களுக்குப் பக்கத்தில் பச்சைத் தாளில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. ஓடுகிற பாதையைத் தடித்த கோட்டாலும் அதற்கு அப்பால் வரக்கூடிய பாதையைப் புள்ளிக்கோட்டாலும் காட்டியிருந்தார்கள். புள்ளிக்கோட்டின் முடிவில் ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் சந்தியின் பெயர். நான் வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அப்போதே வந்தார். தாளின் முன்னால் வெகுநேரம் நின்றார். கடைசியில் வட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

“இதில ஒரு ஸ்ரேசன்,” என்றார்.

கூட்டம் நூலகத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. மரத் தாங்கிகளில் பெரிய அட்டைகள், ஒரு மேசையில் பிஸ்கட், வெள்ளை நுரைக் குவளைகளில் கோப்பி. இருபது பேர் வந்திருந்தார்கள். பாதிப்பேர் தங்கள் வீட்டுக்குப் பின்னால் சத்தம் வரும் என்று கோபமாக இருந்தார்கள். திட்ட அலுவலகத்திலிருந்து வந்த பெண்ணுக்கு அப்போது என்னுடைய இப்போதைய வயதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கையில் ஒரு குறிப்புப் புத்தகம். அம்மா பின்னாளில் அவருக்கு வைத்த பெயர் வரைபடக்காரி. நானும் அப்படியே சொல்கிறேன்.

அப்பா கையை உயர்த்தி எழுந்து நின்றார். கோட்டுப் பொத்தான்கள் எல்லாம் பூட்டியிருந்தன. நீட்டப்படும் பகுதி ஒற்றைப் பாதையா இரட்டைப் பாதையா என்று கேட்டார். ஒற்றைப் பாதை என்றால் எதிரெதிரே வரும் வண்டிகள் எங்கே ஒன்றையொன்று விலத்தும் என்று கேட்டார். கடைசி நிலையத்தில் வண்டி திரும்ப எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டார். அவருடைய ஆங்கிலம் பழைய சுற்றறிக்கைகளின் ஆங்கிலம். ஒவ்வொரு வசனமும் முழுசாக முடியும். வரைபடக்காரி அவரைக் கவனித்துப் பார்த்தார். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, ஆனால் இவை நல்ல கேள்விகள் என்று சொல்லி, புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் பக்கம் குனிந்தார்.

“கண்டனியே பிள்ளை? நான் கேட்டதை அவ எழுதினவ.”

வீட்டில் அம்மாவுக்கும் அதையே சொன்னார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“எழுதினா கோச்சி வந்திடுமே?” ஊரில் எல்லாருக்கும்போல அம்மாவுக்கும் ரயில் என்றால் கோச்சி.

“எழுதாமல் ஒரு கோச்சியும் வந்ததில்லை.”

அப்பா வேலை செய்த பாதை ஒற்றைப் பாதை. இரண்டு நிலையங்களுக்கு இடையில் ஒரே நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடலாம். அதற்காக ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதைத் தோல் பையில் வைத்து, பிரம்பு வளையம் பூட்டி, நிலைய அதிபர் ஓட்டுநரிடம் கொடுப்பார். அந்தத் தகடு கையில் இருந்தால் முன்னால் பாதை காலி. மழையோ இருட்டோ, எதிரே என்ன இருக்கிறது என்று ஓட்டுநர் யோசிக்கத் தேவையில்லை. இருபது வருடம் அப்பா அந்தத் தகட்டைக் கொடுத்தும் வாங்கியும் வந்தவர். அலுவலகம் ஒரு பொருளைக் கையில் தந்தால் அதை நம்புவது அவருக்குக் குணமில்லை, தொழில். இது எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது அப்பா பேசத் தொடங்கிவிட்டார் என்பது மட்டும் விளங்கியது.

அந்த வசந்தத்தில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் புள்ளிக்கோட்டில் நடந்தோம். கடைசி நிலையத்தில் இறங்கி, எங்கள் சந்திவரை, வரைபடம் காட்டிய வழியே. முழுப் பாதையிலும் நடக்க முடியாது. வேலிகளைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. பனி உருகிய சேற்றில் பழைய பிளாஸ்ரிக் பைகளும் ஒற்றைக் கையுறைகளும் கிடந்தன. உயர்மின் கம்பிகளின் கீழே நின்றால் தலைக்குமேல் ஓர் ஓயாத இரைச்சல். அப்பா அடியெண்ணி நடப்பார். என் வேலை நூறுகளைக் கணக்கில் வைப்பது. இடது பையில் வறுத்த கடலை. அப்பா ‘நூறு’ என்று சொல்லும்போதெல்லாம் ஒரு கடலையை வலது பைக்கு மாற்ற வேண்டும்.

முதல் நாள் அப்பாவின் மனக்கணக்கும் என் கடலைக் கணக்கும் ஒத்துவரவில்லை. அப்பா சந்தியில் நின்று யோசித்தார்.

“முந்நூறு அடி காணேல்லை.”

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மணம் வரும்.

“பிள்ளை, மூண்டு கடலை தின்னனியோ?”

“ஓம்.”

அப்பா சிரித்தார். கனடாவுக்கு வந்தபிறகு அவர் சத்தமாகச் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். டோனட் கடைக்கு வெளியே நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் “உன்ர மகள் ரயில் பாதையைத் திண்டிட்டாள்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு வகைக் கடலை வந்தது: எண்ணுவதற்குப் பச்சைக் கடலை, தின்பதற்கு வறுத்தது.

கறுப்பு மட்டை போட்ட ஒரு கொப்பியில் அவர் அட்டவணை எழுதினார். கோடுகளை நான் அடித்தேன். எழுத்துகளும் பெரும்பாலும் என்னுடையவை, ஏனென்றால் அவருடைய விரல்கள் பாத்திரச் சவர்க்காரத்தில் வெடித்திருந்தன. நிலையங்கள் இடப்பக்கம், வண்டிகள் மேலே. வளைவுகளில் வேகம் குறைவதைக் கணக்கிட்டு அரை நிமிடம் வரைக்கும் பிரித்தார். ஒரு வண்டியை மட்டும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டார். எங்கள் சந்தியில் ஆறு பன்னிரண்டுக்குப் புறப்படுவது.

“இது கொம்மான்ர கோச்சி,” என்றார்.

அம்மா வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் கரண்டிகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை செய்தார். ஏழு மணிக்கு நிற்க வேண்டும். ஐந்தே காலுக்கு வீட்டை விட்டு இறங்குவார். சந்தியில் பஸ், பிறகு சின்ன ரயில், பிறகு மறுபடி பஸ். பஸ் ரயிலைத் தவறவிட்டால் மற்ற பஸ்ஸும் தவறும். அம்மா தன் வண்டியின் வட்டத்தைப் பார்த்தார். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ஒரு விரலால் தொட்டார்.

“அப்ப நான் ஆறு மணிக்கு வெளிக்கிட்டாக் காணும்?”

“ஆறு அஞ்சுக்கு வெளிக்கிட்டாலும் காணும். லிப்ற் வந்து போற நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்லுறன்.”

“வராத கோச்சிக்கு இப்பவே பிந்திப் போகப் பண்ணுறார் மனுசன்,” என்று அம்மா என்னிடம் சொன்னார். ஆனால் அதன்பிறகு, விடியற்காலையில் சப்பாத்து நாடாவைக் கட்டும்போது, “ஆறு பன்னிரண்டு” என்று தனக்குள் சொல்லிக்கொள்வதை நான் போர்வைக்குள்ளிருந்து கேட்டிருக்கிறேன்.

அப்பா அட்டவணையையும் இரண்டு பக்கக் குறிப்புகளையும் படியெடுத்து வரைபடக்காரியின் அலுவலகத்துக்கு அனுப்பினார். பதில் ஆவணியில் வந்தது. நல்ல கனமான தாள். மேலே வலப்பக்கம் ஒரு கோப்பு எண். கீழே வரைபடக்காரி மையால் போட்ட கையெழுத்து. அப்பா கடிதத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை, எண்ணைத்தான் காட்டினார்.

“கோப்பு நம்பர் விழுந்திட்டுது. இனி உதைச் சும்மா விடேலாது. எவனோ ஒருத்தன் பதில் எழுதித்தான் மூடோணும்.”

அவர் வேலை செய்த திணைக்களத்தில் அது உண்மை. எண் இல்லாத விஷயம் அலுமாரிக்குப் பின்னால் விழும். எண் விழுந்தது நடந்தே தீரும், பத்து வருடம் பிந்தினாலும். அதோடு இன்னொன்றும் அவர் மனதில் இருந்தது. புதுப் பாதை திறந்தால் நிலையங்களுக்கு ஆட்கள் வேண்டும். தன் குறிப்புகள் கோப்பில் இருக்கின்றன. பெயர் அவர்களுக்குத் தெரியும். அதை அவர் எங்களிடம் வெளிப்படையாகச் சொன்னதில்லை. ஆனால் அந்த மாதம் தன் பழைய சேவைப் பதிவேட்டை ஒரு புது உறையில் மாற்றி வைத்தார்.

மாமா வந்தது புரட்டாதியில், ஒரு ஞாயிறு மதியம். அம்மாவின் தம்பி. எங்களுக்கு முன்பே வந்தவர், மிசிசாகாவில் இருந்தார், விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. கார் திறப்பை விரலில் சுழற்றியபடி உள்ளே வந்தவர் உட்காரும் முன்பே தொடங்கினார்.

“அத்தான், எங்கட ஒஃபீசில ஒரு இடம் வந்திருக்கு. வாற சாமான்ர பத்திரங்களைச் சரிபார்க்கிற வேலை. உங்களுக்கெண்டே செய்து வைச்ச மாதிரி. நிரந்தரம். யூனிபோம் இருக்கு, பெனிஃபிற் இருக்கு. நான் சுப்பவைசரோட கதைச்சிட்டன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லோணும்.”

“எத்தினை மணிக்குத் தொடக்கம்?”

“விடிய அஞ்சு. இஞ்ச இருந்து வரேலாது. எங்கட பக்கம் வீடு பாப்பம். அக்காவுக்கும் அங்கயே வேலை எடுக்கலாம், நடந்து போற தூரத்தில.”

அப்பா கோப்பியைக் கலக்கினார். கலக்கி முடிந்த பிறகும் கலக்கினார்.

“மச்சான், இஞ்ச கோச்சி வரப்போகுது.”

“எப்ப அத்தான்?”

“கோப்பு திறந்தாச்சு.”

“சரி, எப்ப? உங்கட பேரப்பிள்ளையள் ஏறுற காலத்திலயோ?” மாமா சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “பிள்ளை, நீ கலியாணம் கட்டி எண்பதாம் வயசில போய் ஏறு. உன்ர அப்பான்ர படம் ஸ்ரேசனில தொங்கும்.”

“பகிடி விடாத,” என்றார் அப்பா. குரல் உயரவில்லை. “நான் சொன்னதை அவை எழுத்தில ஏத்துக்கொண்டிருக்கினம்.”

“அத்தான், உங்கட ஊரில தண்டவாளத்தையே கழட்டி பங்கருக்குக் கூரையாப் போட்டாங்கள். இஞ்ச நீங்கள் தாளை நம்பிக்கொண்டு நிக்கிறியள்.”

அப்பா எழுந்து யன்னலுக்குப் போனார். மாமா தான் சொன்னது கூடிப்போனதை உணர்ந்து திறப்பை மேசையில் வைத்தார். அம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, சோறு வடிக்க வேண்டும் என்று குசினிக்குள் போனார். போகும்போது என் தோளைத் தொட்டார்.

குசினிக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அம்மா கஞ்சியை வடித்து, பானையை நிமிர்த்திவிட்டு, குளிர்பெட்டியின் மேலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தொழிற்சாலையில் பெட்டிகளின் எண்களை மட்டும் வாசிப்பார்.

“அப்பாவை நம்பாமல் கேக்கேல்லை,” என்று மெல்லச் சொன்னார். “அவர் ஆசையில வாசிக்கிறார். நீ இஞ்ச படிக்கிற பிள்ளை. வடிவா வாசிச்சுப் பார். உதில கோச்சி வருமெண்டு எழுதிக் கிடக்கோ?”

நான் வாசித்தேன். மூன்று வசனங்கள்தான்.

முதலாவது, தங்கள் அக்கறைக்கு நன்றி. இரண்டாவது, தங்கள் குறிப்புகள் மேற்குறித்த எண்ணின் கீழ் கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளன. மூன்றாவது, இந்த நீட்டிப்பைக் கட்டுவது பற்றி முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை, காலம் எதையும் இப்போது கூற முடியாது.

கடினமான சொல் ஒன்றும் இல்லை. எனக்குப் பத்து வயது; வகுப்பில் நன்றாக வாசிக்கும் பிள்ளை. எனக்கு விளங்கியது. இரண்டாம் முறையும் வாசித்தேன். அப்போதும் விளங்கியது.

அப்போது என் தலைக்குள் என்ன இருந்தது என்பதைப் பட்டியலாக எழுத நான் பலமுறை முயன்றிருக்கிறேன். புதுப் பள்ளிக்கூடம் பற்றிய பயம் இருந்தது. என் கையால் கோடடித்த கொப்பி இருந்தது. மூன்று கடலை இருந்தது. யன்னலருகே திரும்பி நின்ற அப்பாவின் முதுகு, கதவிடுக்கால் தெரிந்தது. முதல் குளிர்காலம் முழுக்க நான் பார்த்த அதே முதுகு.

“ஓம்,” என்றேன்.

“வருமெண்டோ?”

“ஓம்.”

“எப்பவெண்டு?”

“வருசம் போடேல்லை.”

அது மட்டும் உண்மை. அம்மா கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். பிறகு சோற்றுக்கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போட்டுக் கொடுத்துக்கொண்டே தம்பியிடம் சொன்னார்:

“நாங்கள் இஞ்சயே நிக்கிறம் தம்பி. அவருக்கு இஞ்ச ஒரு வேலை வரும். குறை நினைக்காத.”

மாமா சாப்பிட்டார். அப்பா அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் தெரிகிறது. தன்னை நம்பியதற்கு நன்றி சொல்லும் பார்வை. அம்மா நம்பியது என்னை.

அப்பா எப்படியும் போயிருக்க மாட்டார் என்று நீங்கள் சொல்லலாம். நானும் எனக்கு அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது சரியில்லை. அம்மா ‘போவம்’ என்று ஒரு சொல் சொன்ன இடங்களுக்கெல்லாம் அப்பா போயிருக்கிறார். ஊரை விட்டதும் அப்படித்தான். கொழும்பை விட்டதும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை அப்பா மாமாவிடம் வேண்டாம் என்று சொன்னார். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. மாமாவின் நண்பனின் தம்பி. இரண்டு வருடத்தில் மேற்பார்வையாளராகிவிட்டார் என்று மாமா ஒருமுறை வாய்தவறிச் சொல்லி, உடனே பேச்சை மாற்றினார்.

திட்டம் கைவிடப்பட்ட செய்தி உள்ளூர்ப் பத்திரிகையின் உள்பக்கத்தில் வந்தது. காசில்லை, அரசாங்கம் மாறிவிட்டது, வேறு வேலைகள் முன்னுக்கு இருக்கின்றன. ஆறு வரிச் செய்தி. பக்கத்தில் பழைய கம்பளம் விற்கும் விளம்பரம். அப்பா அதை மேசையில் விரித்துவைத்து வாசித்தார். அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கோட்டுப் பொத்தான்களைப் பூட்டி, கடிதத்தை உட்பையில் வைத்து, நகரத்தில் இருந்த அந்த அலுவலகத்துக்குப் போனார். நானும் போனேன்; பள்ளிக்கூடம் விடுமுறை.

வரவேற்பு மேசையில் இருந்தவரிடம் கோப்பு எண்ணைச் சொன்னார். அவர் யாரையோ தொலைபேசியில் கேட்டார். வரைபடக்காரி அங்கே இப்போது வேலை செய்வதில்லை. அந்த எண்ணில் இருந்தவை களஞ்சியத்துக்குப் போய்விட்டன. வேறெதுவும் வேண்டுமா? அப்பா இல்லை என்றார். மேசையில் இருந்தவர் அன்பாக ஒரு மடிப்புத் தாளைத் தந்தார். புதிய பஸ் வழிகள்.

திரும்பும்போது சின்ன ரயிலில் முன்பெட்டியின் முன் கண்ணாடியருகே இடம் கிடைத்தது. நான் வழக்கமாகச் சண்டை பிடித்து எடுக்கும் இடம். அப்பா மணிக்கூட்டை எடுக்கவில்லை. கடைசி நிலையத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் இருந்தார்.

“இவ்வளவுதான் பிள்ளை,” என்றார். “இறங்குவம்.”

அம்மா விழுந்தது அதற்கு அடுத்த மாசியில். சந்தியில், கூரையில்லாத அந்தத் தரிப்பிடத்தில். முதல் நாள் உருகிய பனி இரவில் உறைந்திருந்தது. பஸ் வெளிச்சத்தைக் கண்டு இரண்டு அடி வேகமாக வைத்திருக்கிறார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. டோனட் கடையில் வேலை செய்த பெண் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு எங்கள் கட்டடத்துக்கு ஓடி வந்து மணியடித்தார். நாங்கள் போனபோது அம்மா பனியில் இருந்தபடி, உடையாத கையால் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் பிடித்திருந்தார். ஐந்தரை மணி.

“ஆறு பன்னிரண்டுக்கு இன்னும் நேரம் கிடக்கு,” என்றார் அப்பாவைப் பார்த்து. அதைப் பகிடியாகத்தான் சொன்னார். அப்பா ரோட்டிலேயே குந்தி முகத்தை மூடிக்கொண்டார்.

மணிக்கட்டு கோணலாகப் பொருந்தியது. விரல்கள் முழுசாக மடங்கவில்லை. கரண்டி அடுக்கும் வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். அதன்பிறகு அம்மா வெளியே வேலைக்குப் போகவில்லை. அப்பா இரண்டாவது இடத்திலும் பாத்திரம் கழுவப் போனார்.

கறுப்பு மட்டைக் கொப்பியையும் புள்ளிக்கோட்டு வரைபடத்தையும் அவர் அந்த மாதமே குப்பையில் போட்டார். எங்கள் மாடியில், லிப்ற்றுக்குப் பக்கத்தில், சுவரில் ஓர் இரும்புக் கதவு இருந்தது. திறந்து போட்டால் குப்பை குழாய் வழியே கீழே போகும். நான் நடைபாதையில் நின்றேன். கொப்பி சுவரில் இரண்டு மூன்று இடத்தில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அப்பா கதவை மூடினார். அன்றிலிருந்து மறுபடி ஓம், இல்லை, பாப்பம். இந்த முறை அது ஒரு குளிர்காலத்தோடு முடியவில்லை. பாத்திரம் கழுவும் இடங்களை விட்டு விலகும்வரை, விலகிய பிறகும், இருபது வருடத்துக்கு மேல் நீடித்தது. நான் அவரைத் தொடர்ந்து பேசவைக்கச் சொன்ன பொய் அவருக்கு ஒன்றரை வருடப் பேச்சை வாங்கித் தந்தது.

கடிதம் மட்டும் தப்பியது. அதை அம்மா எடுத்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். சான்று என்று. கை குத்தும் நாட்களில், முக்கியமாகப் பனிக்காலத்தில், அந்தப் பக்கம் பார்த்துச் சொல்வார்:

“வரைபடக்காரி எழுதிக் குடுத்துப்போட்டு ஏமாத்திப்போட்டாள். அவளும் ஒரு பொம்பிளைதானே.”

இதை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். நூறு முறையும் பேசாமல் இருந்திருக்கிறேன். நன்றி சொல்லி, குறிப்பைக் கோப்பில் சேர்த்து, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று நேர்மையாக எழுதிய ஒரு பெண்ணை, என் வீட்டில் இத்தனை வருடமாகத் திட்டுகிறார்கள்.

நான் பொறியியல் படித்தேன். இப்போது ஒரு திட்ட அலுவலகத்தில் வேலை. பாதைகள் வரைகிறேன். ஓடுவதற்குத் தடித்த கோடு, யோசனையில் இருப்பதற்குப் புள்ளிக்கோடு. கூட்டங்களில் அட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். கோட்டுப் பொத்தான் பூட்டிய யாராவது ஒருவர் எப்போதும் வருவார். அவர் கேட்பதை எழுதுவேனா என்று என் கையைப் பார்ப்பார். நான் எழுதுவதுண்டு. எழுத வேண்டும் என்பது விதி. கடிதங்களுக்கு நான் அனுப்பும் பதிலில் அதே மூன்று வசனங்கள்தான் இருக்கின்றன. மூன்றாவதை முதலில் போட வேண்டும் என்று ஒருமுறை எழுதிக் கொடுத்தேன். என் ஆலோசனை கோப்பில் சேர்க்கப்பட்டது.

சென்ற மாதம் அம்மா என்னை வீட்டுக்கு அழைத்தார். எங்கள் பக்கம் புதிதாக ஏதோ பாதை வெட்டுகிறார்கள், அதற்குக் கூட்டம் நடக்கிறதாம், பக்கத்து வீட்டு அன்ரி சொன்னாவாம். அது வேறு பாதை, வேறு சந்திக்கு. சொன்னேன். அம்மா கேட்கவில்லை. இடது கையால் சாமிப்படத்தின் பின்னாலிருந்து உறையை எடுத்து என் மடியில் வைத்தார்.

“நீ இப்ப அவையளோடதானே வேலை செய்யிறாய். உதைக் கொண்டுபோய் எல்லாருக்கும் முன்னால வாசி. வருமெண்டு எழுதிக் கிடக்கெண்டு அண்டைக்கு நீதானே சொன்னனி. அப்பாவுக்காக வாசி.”

நான் “பாப்பம்” என்றேன்.

இப்போதைய நிலவரம்: அப்பா இறந்து ஆறு வருடம். சின்ன ரயில் நிறுத்தப்பட்டுவிட்டது. பதிலுக்குப் பஸ் ஓடுகிறது. எங்கள் சந்தியில் நிலையம் இல்லை. தரிப்பிடத்துக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். கூட்டம் முடிந்துவிட்டது. நான் போகவில்லை. கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. என்ன நடந்தது என்று அம்மா கேட்டார். வாசித்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.